கொம்பனுக்குக் கடிகாரம் தெரியும்

வா தம்பி, அடுப்புப் பக்கமா வந்து உட்காரு. ஈரக் காலுறையைக் கழட்டிக் காயப்போடு. என்ன ஆச்சுன்னு நான் கேட்கப் போறதில்ல. எல்க் மான் கிடைச்சவன் முகத்துல களைப்பு இருக்கும், கிடைக்காதவன் முகத்துல காரணம் இருக்கும். உன் முகத்துல காரணம் காது வரைக்கும் வழியுது.

சரி, சொல்லிடு. காத்து திரும்பிடுச்சு. குறுக்க ஒரு கிளை. பக்கத்து மேட்டுல எவனோ வண்டியை உறுமவிட்டான். தூரம் பார்க்கிற கருவியில பேட்டரி தீர்ந்துபோச்சு. இதுல எது? நாலுமா? பரவாயில்லையே, டென்வர்ல இருந்து வர்றவங்க வழக்கமா ரெண்டோட நிறுத்திக்குவாங்க.

கொலராடோவுல மூணு லட்சம் அளவுக்கு எல்க் இருக்கு, அமெரிக்காவுல வேற எந்த மாநிலத்துலயும் இவ்வளவு கிடையாது. இதைப் படிச்சுட்டுத்தானே வண்டியை எடுத்துக்கிட்டு எங்க மீக்கர் ஊருக்கு வந்தே? வடக்க இருக்கிற க்ரெய்க் ஊர்க்காரன் எல்க் வேட்டைக்கு உலகத் தலைநகரமே தன் ஊர்தான்னு சொல்லிக்கிறான். சொல்லிக்கட்டும், நாக்குக்கு வாடகை இல்ல. ஆனா இன்னொரு கணக்கும் உண்டு. வேட்டைக்குப் போற அஞ்சு பேர்ல ஏறத்தாழ ஒருத்தனுக்குத்தான் மான் விழுது. மிச்ச நாலு பேர் லைசென்ஸை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு இறங்கி வர்றாங்க. அந்த நாலு பேரை நம்பித்தான் எங்க காபிக்கடை, பஞ்சர் கடை, லாட்ஜ் எல்லாம் ஓடுது. கிடைச்சவன் கறியோட நேரா வீட்டுக்குப் போயிடுவான். கிடைக்காதவன்தான் இன்னொரு ராத்திரிக்கு ரூம் எடுப்பான். அதனால உன்மேல இந்த ஊருக்கே ஒரு தனிப் பிரியம்.

முதல்ல உன் சட்டையைப் பத்திப் பேசுவோம். இலையும் கிளையுமா அச்சடிச்ச சட்டை, அதுக்குப் பொருத்தமாக் கால்சட்டை, தொப்பி, கையுறை, கண்ணு மட்டும் தெரியற மாதிரி ஒரு முகமூடி. விலை என்னன்னு நான் கேட்கல, உன் சம்சாரம் கேட்டிருப்பா. இவ்வளவையும் மாட்டிக்கிட்டு மரத்தோட மரமா நீ மறைஞ்சு நின்ன பிறகு சட்டம் வந்து தோளைத் தட்டுது: துப்பாக்கி சீசன்னா இடுப்புக்கு மேல 500 சதுர அங்குலம் பளீர்னு ஆரஞ்சு தெரியணும், தலையிலயும் தெரியணும். ஆரஞ்சு பிடிக்கலைன்னா 2016ல இருந்து ரோஸ் கலரும் செல்லும். ஆக, இலை அச்சடிச்சதுக்கு ஒரு காசு, அதை மறைக்கிறதுக்குத் தனியா ஒரு காசு. கவலைப்படாதே, எல்க் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாத் தெரியாது. நீலம் தெரியும். நீ மூக்கைச் சொறியறது அதைவிட நல்லாத் தெரியும்.

கண்ணு கிடக்கட்டும். எல்க்குக்கு மூக்குதான் எல்லாம். நீ என்னமோ வாசனையே இல்லாத சோப்பு வாங்கிக் குளிச்சேங்கிறே. குளிச்சுட்டு வர்ற வழியில பெட்ரோல் போட்டே, பன்றிக்கறி பொரிச்சுத் தின்னே, அஞ்சு மைல் வேர்க்க வேர்க்க ஏறினே. இப்ப உன்மேல வாசனையே இல்லைன்னு நம்பிக்கிட்டு இருக்கிறது இந்த மாவட்டத்துலயே நீ ஒருத்தன்தான்.

மலைக்காத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு, தம்பி. ராத்திரி பூரா மலை குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த காத்துக்குக் கனம் ஜாஸ்தி, விடியக்காலையில பள்ளத்தைப் பார்த்து இறங்கும். வெயில் விழுந்து சரிவு சூடேறினதும் அதே காத்து மேல ஏற ஆரம்பிக்கும். சாயங்காலம் நிழல் சாய்ஞ்சா மறுபடி இறக்கம். எல்க் ராத்திரியெல்லாம் கீழே புல்வெளியில மேயும். விடிஞ்சதும் மேல ஏறி, வெயில் படாத வடக்குச் சரிவுல, ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும் அடைஞ்ச இருட்டுக் காட்டுக்குள்ள போய்ப் படுக்கும். படுக்கிறதும் சும்மா இல்ல. கீழே இருந்து ஏறி வர்ற காத்து மூக்குல படற மாதிரி இடம் பார்த்துத்தான் காலை மடக்கும்.

இப்ப உன் கதைக்கு வருவோம். காலையில கீழே இருந்து ஏறினே. காத்து மேல இருந்து உன் முகத்துக்கு வந்துச்சு. அதுவரைக்கும் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. சேத்துல புரண்டு, மூத்திரத்துல நனைஞ்ச கொம்பன், அதான் ஆண் எல்க், அவன் வாடை உனக்கே அடிச்சிருக்கும். காத்து எந்தப் பக்கம்னு பார்க்கச் சின்ன பாட்டில்ல வெச்சிருந்த வெள்ளைப் பொடியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தே. அது உன் தோளைத் தாண்டிப் பின்னாடி போச்சு. சபாஷ். மணி ஒன்பதைத் தாண்டிடுச்சு. கூட்டம் 60 கஜத்துல இருக்கு, ஆனா மரத்துக்கு நடுவுல ஒரு காதும் கொஞ்சம் பிட்டமும்தான் தெரியுது. இன்னும் ரெண்டு அடி நகர்ந்தா உடம்பு தெரியும். அப்பத்தான் வேர்த்த பிடரியில சில்லுனு ஒண்ணு தொட்டிருக்கும். அவசரமா இன்னொரு தடவை பொடியை அமுக்கினே. அது கொஞ்ச நேரம் அந்தரத்துல நின்னு யோசிச்சுது. அப்புறம் நிதானமா அந்தக் காது இருந்த பக்கமாப் போச்சு. போறப்போ உன் சோப்பு, பெட்ரோல், பன்றிக்கறி, அஞ்சு மைல் வேர்வை எல்லாத்தையும் கைபிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போச்சு. உள்ள கட்டை முறியற சத்தம். அப்புறம் வெறும் மரம்.

காத்து ஏமாத்திடுச்சுன்னு இங்க வந்து சொல்றே. அது எங்க ஏமாத்துச்சு? நேத்தும் வெயில் ஏறினதும்தான் திரும்புச்சு, நாளைக்கும் அப்பத்தான் திரும்பும். கைக்கடிகாரம் கட்டினவன் நீ. நேரம் தெரிஞ்சவன் கொம்பன். எட்டரைக்கே நின்னு, பக்கவாட்டுல சுத்தி ஏறி, காத்து மேல்நோக்கி நிலைச்சதும் உச்சியில இருந்து இறங்கி வந்திருக்கணும். ஆனா அதுக்கு இன்னொரு ஆயிரம் அடி ஏறணும். 10,000 அடி உயரத்துல ஷூ கயிறு கட்டவே உனக்கு மூச்சு வாங்குது. அதனால நீ காத்தையே திட்டிக்கோ, அதுல ஏத்தம் இல்ல.

போன வருஷம் வில்லோட வந்தியே, அந்தக் கதை இதுக்கு மேல. செப்டம்பர்ல கொம்பன் கூப்பிடறதை ஒரு தடவை கேட்டவன் கெட்டான். அடித்தொண்டையில ஆரம்பிச்சு, விசிலா உச்சிக்குப் போய், நாலு உறுமல்ல வந்து முடியும். 700 பவுண்டு உடம்புக்குள்ள இருந்து அந்தக் கீச்சுக் குரல் எப்படி வருதுன்னு இத்தனை வயசுக்கு அப்புறமும் எனக்கு விளங்கல. நீ அதைக் கேட்டு மயங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாயும் வாயில அடக்கிக்கிற ரப்பர் பீப்பியும் வாங்கி, அடுக்குமாடி வீட்டுல கோடை பூரா பழகியிருக்கே. பக்கத்து வீட்டுக்காரங்க உன்னைக் காட்டுக்கு அனுப்பி வெச்சதுல நியாயம் இருக்கு.

ஊதினே, பதில் வந்துச்சு. மறுபடி ஊதினே, பதில் நெருங்கி வந்துச்சு. வில் நாணுல கை நடுங்குது. 80 கஜத்துல ஒரு ஃபிர் மரத்துக்குப் பின்னால வந்து நின்னான். நின்னவன் நின்னவன்தான். பெட்டை மாதிரிக் கொஞ்சிப் பார்த்தே, கெஞ்சிப் பார்த்தே. அவன் ஒரு சின்ன மரத்தைக் கொம்பால அடிச்சு நார்நாராக் கிழிச்சுட்டு, வந்த வழியே போயிட்டான். ஏன்னு என்னைக் கேட்கிறே. எல்க் வழக்கத்துல பொண்ணுதான் மாப்பிள்ளையைத் தேடி வரணும், தம்பி. அவன் குரல் கொடுத்தாச்சு, பெரிய மனசு பண்ணி முக்கால்வாசி வழியும் வந்தாச்சு. இனி பெட்டை வெளியில வந்து முகத்தைக் காட்டணும். புதருக்குள்ள இருந்து குரல் மட்டும் வருது, ஆளைக் காணோம். நீயா இருந்தா உள்ள போவியா?

இதுக்குத்தான் ரெண்டு பேராப் போறது. ஊதறவன் அறுபது எழுபது கஜம் பின்னால இருக்கணும், வில் பிடிக்கிறவன் முன்னால. கொம்பன் தயங்கி நிக்கிற இடம் வில்காரன் மடியில இருக்கும். மச்சானைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம். மச்சானோட பேச்சுவார்த்தை இல்லைன்னா அது எல்க் செஞ்ச குத்தமா?

ஆளைச் சேர்த்துக்காமப் போனா என்ன ஆகும்னு கேளு. இந்தப் பள்ளத்தாக்குலயே ஒரு தடவை, அந்தக் கரையில ஒரு கொம்பன், இந்தக் கரையில ஒரு கொம்பன், ஒரு மணி நேரம் ஒருத்தனை ஒருத்தன் வம்புக்கு இழுத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன உறுமல், என்ன குழைவு! நான் மேட்டுல உட்கார்ந்து ரொட்டியைக் கடிச்சுக்கிட்டே பார்த்தேன். கடைசியில ரெண்டு பேரும் வயித்தால ஊர்ந்து வந்து, விழுந்து கிடந்த ஒரே மரத்துக்கு ரெண்டு பக்கமும் தலையைத் தூக்கினாங்க. ரெண்டு தலையிலயும் ஒரே கடையில வாங்கின முகமூடி. நிஜக் கொம்பன் எங்கேங்கிறியா? எனக்குக் கீழே முப்பது கஜத்துல படுத்துக்கிட்டு, என்னை மாதிரியே கச்சேரி கேட்டுக்கிட்டு இருந்தான். நான் ஏன் அடிக்கலைன்னா, ரொட்டியில வெண்ணெய் நிறைய இருந்துச்சு.

கொம்பு எண்ணுற கஷ்டத்தையும் சொன்னே. இங்க பெரும்பாலான வட்டாரத்துல சட்டம் அப்படி: ஒரு பக்கக் கொம்புல நாலு கிளையாவது இருக்கணும், இல்லைன்னா முகத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற முதல் கிளை 5 அங்குலமாவது இருக்கணும். மஞ்சள் ஆஸ்பென் இலைக்குள்ள தலை. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணியாச்சு. நாலாவது கொம்பா, குச்சியா? அவன் தலையை ஆட்டினான், நாலாவது ஆடல. குச்சி. சரி, முதல் கிளை 5 அங்குலம் தேறுமா? நாலே முக்கால்தானோ? டேப்பை எடுத்துக்கிட்டுக் கிட்டப் போய் அண்ணே கொஞ்சம் குனியுங்கன்னா கேட்க முடியும்? நீ சுடாம விட்டே பாரு, இந்த வாரம் பூரா நீ செஞ்ச உருப்படியான காரியம் அது ஒண்ணுதான். அவசரப்பட்டுச் சுட்டா இன்னொரு வம்பும் உண்டு. 1978ல இந்த மாநிலத்துல கொண்டாந்து விட்ட மூஸ் இப்பப் பெருகிக் கிடக்கு. கருத்த உடம்பு, தொங்கற மூக்கு, முறம் முறமாக் கொம்பு. அதை எல்க்னு சுட்டுட்டு முழிக்கிறவன் இருக்கான். அவனுக்கு எல்க் தப்பிடுச்சு, அபராதம் தப்பல.

கடிகார விஷயத்தை விட்டுட்டேனே. சூரியன் உதிக்கிறதுக்கு அரை மணி முன்னாடி இருந்து, மறைஞ்சு அரை மணி வரைக்கும்தான் சுட அனுமதி. நாள் பூரா விறைச்சுப்போய் உட்கார்ந்திருந்தே, புல்வெளியில ஒரு முயல் இல்ல. நேரம் முடிஞ்சுது. குண்டைக் கழட்டினே. அந்த உலோகச் சத்தம்தான் எல்க் கூட்டத்துக்குச் சாப்பாட்டு மணி. முதல்ல ஒரு பெட்டை கழுத்தை நீட்டும். பின்னால குட்டி. அப்புறம் பத்துப் பன்னிரண்டு. எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு தலைவர் மேடைக்கு வர்ற கணக்குல கொம்பன் வருவான். உன்னை ஒரு பார்வை பார்த்துட்டு, நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டு, மேய ஆரம்பிப்பான்.

நேரம் மட்டுமா? நிலப்பட்டாவும் அவனுக்கு மனப்பாடம். ராக்கி மலைத் தேசியப் பூங்காவுல வேட்டை கூடாது. இலையுதிர் காலத்துல பூங்கா ஓரத்து எஸ்டஸ் பார்க் ஊருக்குள்ள போய்ப் பாரு. கோல்ஃப் மைதானத்துல காலை நீட்டிப் படுத்து அசைபோட்டுக்கிட்டு இருக்கும். பந்து அடிக்கிறவன் காத்திருக்கணும். நீ இங்க பனியில புழு மாதிரி நெளிஞ்ச அன்னிக்கு, உன் சம்சாரம் அங்க காரை விட்டு இறங்காமலே போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாளே, அந்தக் கொம்புல எத்தனை கிளை? ஆறா? சந்தோஷம்.

இங்கயும் அதே கதைதான். சீசன் தொடங்கி நாலு வெடி கேட்டதும் அரசாங்கக் காட்டுல இருந்த கூட்டம் வேலி தாண்டித் தனியார் பண்ணைக்குள்ள போயிடும். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் இருநூறு எல்க், நடுவுல உள்ளே வராதேன்னு ஒரு பலகை. பண்ணைக்காரன்கிட்டப் போய்க் கேட்டா ஒரு தொகை சொல்லுவான். அதுக்கு ஒரு பழைய டிரக்கே வாங்கிடலாம்.

வயோமிங் கூத்து இன்னும் பெருசு. 1860கள்ல ரயில் பாதை போட்டவங்களுக்கு ஒண்ணுவிட்டு ஒண்ணா ஒரு சதுர மைல் கட்டமா நிலத்தை அள்ளிக் கொடுத்தாங்க. நடுவுல மிச்சம் இருந்த கட்டம் அரசாங்கத்துது, அதாவது உன்னோடதும் என்னோடதும். ஆனா ஒரு அரசாங்கக் கட்டத்துல இருந்து அடுத்ததுக்குப் போகணும்னா மூலையைத் தாண்டித்தான் போகணும். தாண்டும்போது உன் தோள் தனியார் ஆகாசத்துல உரசுதேன்னு பிராது. 2021ல மிசோரியில இருந்து எல்க் அடிக்க வந்த நாலு பேர், எல்க் மவுண்டன்கிற மலைப்பக்கம் ஒரு ஏணியைக் கொண்டாந்து மூலையில நிறுத்தி, தனியார் மண்ணை மிதிக்காம ஏறி இறங்கினாங்க. அத்துமீறல்னு கிரிமினல் வழக்கு; 2022ல ஜூரி விட்டுடுச்சு. பண்ணைத் தரப்பு மில்லியன் கணக்குல நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு. 2025 மார்ச்சுல டென்வர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1885ஆம் வருஷத்து வேலிச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, அவங்க போனது சரிதான்னு சொல்லிடுச்சு. ஏணிக்கும் வக்கீலுக்குமா இத்தனை வருஷம். அத்தனை வருஷமும் எல்க் அந்த மூலையை ஒரே தாவுல தாண்டிப் போய் வந்துக்கிட்டு இருந்துச்சு, யாரும் சம்மன் அனுப்பல.

இன்னொரு ரகசியம். நீ கொம்பனையே பார்த்துக்கிட்டு இருக்கே. உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கிறது கிழப்பெட்டை. கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க பெட்டை எல்க் கழுத்துல ஜிபிஎஸ் பட்டை மாட்டி, வருஷக்கணக்காப் பின்தொடர்ந்து, 2017ல எழுதினாங்க. வயசு ஏற ஏற அது நடமாட்டத்தைக் குறைச்சுக்குது, ரோட்டுப் பக்கம் போறதில்ல, வில்காரன் வர்ற சீசன்ல கரடுமுரடான இடமாப் பார்த்துப் போயிடுது. ஒன்பது பத்து வயசு தாண்டிட்டா வேட்டைக்காரனால அதைத் தொடறதே அபூர்வம். மனுஷனுக்கு நேரெதிர். உனக்கு வயசு ஏற ஏற மூட்டை கனமாகுது, வண்டி ரோட்டை விட்டு நகர மாட்டேங்குது.

தப்பிடுச்சு தப்பிடுச்சுன்னு புலம்பறியே, தப்பவிடாத ஆளுங்க இருந்த காலத்துக் கதை தெரியுமா? சுரங்க ஊர்களுக்குக் கறி விக்கிறதுக்காக வண்டி வண்டியா அடிச்சாங்க. பல்லுக்காகவும் அடிச்சாங்க. எல்க் மேல்தாடையில தந்தமா ரெண்டு பல்லு உண்டு. எல்க்ஸ்னு பேர் வெச்ச ஒரு சங்கத்துக்காரங்க அதைக் கடிகாரச் சங்கிலியில கோத்துத் தொங்கவிட்டுக்கிட்டாங்க. பல்லைப் பிடுங்கிக்கிட்டு உடம்பை அப்படியே விட்டுட்டுப் போனவன் உண்டு. அந்தப் புண்ணியவான்களுக்குக் குறி தப்பவே இல்ல. அதனால போன நூற்றாண்டுத் தொடக்கத்துல இங்க எல்க் அத்துப்போற நிலைமை. 1913, 14ல யெல்லோஸ்டோன்ல இருந்து எஸ்டஸ் பார்க்குக்குக் கொண்டாந்து விட வேண்டி வந்துச்சு. இன்னிக்குக் கோல்ஃப் மைதானத்துல படுத்திருக்கே, அந்த வம்சம்தான். ஆக, சுடத் தெரியாம, லைசென்ஸுக்குப் பணம் கட்ட மட்டும் தெரிஞ்ச உன்னைவிட எல்க்குக்கு வேண்டப்பட்டவன் யாரு?

ஒருவேளை விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சியா? நீ சொல்ற இடம் கிடுகிடு பள்ளம். வண்டி நிக்கறது அஞ்சு மைல் தள்ளி. பின்தொடை ஒண்ணே அறுபது பவுண்டுக்குக் குறையாது. தின்கிற கறியை விட்டுட்டு வந்தா சட்டப்படி குத்தம், ஆணா பெட்டையாங்கிற அடையாளமும் கறியோட ஒட்டியிருக்கணும். போய் வரணும், மறுபடி போய் வரணும், வெயில் ஏறி ஈ மொய்க்கிறதுக்குள்ள. ரெண்டாவது நடையில அந்தக் கொம்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பே. மூணாவது நடையில குதிரை கேட்டு என் கதவைத் தட்டியிருப்பே. என் குதிரை வாடகை தெரியாததால அது தப்பிச்சுடுச்சுன்னு வருத்தப்படறே. நூலிழையில தப்பிச்சது நீ.

அடுத்த வருஷம் வேணும்னா ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக்குள்ள விண்ணப்பம் போட்டுடு. குலுக்கல்ல விழலைன்னா ஒரு முன்னுரிமைப் புள்ளி கொடுப்பாங்க, பத்திரமாச் சேர்த்து வை. வடமேற்கு மூலையில சில வட்டாரத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல புள்ளி சேர்த்தவனுக்குத்தான் சீட்டு. அதுக்குள்ள கொம்பனுக்கும் பேரன் பிறந்திருப்பான், உனக்கும் பிறந்திருப்பான்.

நாளைக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கு, எங்க போறதுன்னு கேட்கிறே. உனக்காகச் சொல்றேன், வெளியில விட்டுடாதே. பாலம் தாண்டினதும் வலப்பக்கம் ஒரு மண் ரோடு பிரியும். அது கொண்டுபோய் ஒரு தெற்குச் சரிவுல விடும். நல்லா வெயில் விழும், மரம் கிரம் ஒண்ணும் மறைக்காது, சாய்ஞ்சு உட்காரத் தோதா ஒரு பாறையும் இருக்கு. பத்து மணிக்கு மேல போனாப் போதும், குளிர் விட்டிருக்கும். இடப்பக்கம் அந்த வடக்குச் சரிவு இருட்டுக் காட்டுக்கு மட்டும் போயிடாதே. விழுந்த மரமாக் கிடக்கு, காலை ஒடிச்சுக்குவே. அங்க விடியறதுக்கு முன்னாடியே என் டிரக் நிக்கறதைப் பார்த்தா ஒண்ணும் நினைச்சுக்காதே, விறகு பொறுக்க வந்திருப்பேன். குதிரை எதுக்குன்னா, விறகு கனம், தம்பி. எனக்கு முட்டிவலி.